உடும்பன் விடல

சங்குமுனையில் உடும்பன் வீடு எது என்று கேட்டால் பச்சைப்பிள்ளையும் கை காட்டும். சவேரியார் வீடு என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். ஊரில் ஐந்து சவேரியார் உண்டு. உடும்பன் ஒருத்தன்தான்.

அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. பத்தொன்பது வயதில், வலை அறுத்த சண்டையில், வெளியூர்க்காரன் ஒருத்தனின் காதைப் பிடித்தான். பாதிக் காது கிழிந்து தொங்கியும் விடவில்லை. அவன் அலறிக்கொண்டு ஓட, இவனும் காதைப் பிடித்தபடியே கூட ஓடினான். கடற்கரையே சிரித்தது. அன்றைக்கு வைத்த பேர் அது.

அப்புறம் அருளப்பன். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு மார்கழி விடியலில் இரண்டு பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடைக்காற்று சுள்ளென்று அடித்தது. சிக்கு யாரால் விழுந்தது என்று வாய்ப்பேச்சு ஆரம்பித்தது. வாய்ப்பேச்சு தாயை இழுத்தது. சவேரியார் அருளப்பனின் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். கரைக்கு இழுத்துப் போட்டபோது அருளப்பனின் மூக்கில் நுரை இருந்தது, மூச்சு இல்லை. உடும்பன் கை அப்போதும் பிடரியில்தான் இருந்தது.

கோர்ட்டில் கேட்டார்கள். "ஆள் திணறுறது தெரிஞ்சதும் விட்டிருக்கலாம்ல?"

"விடல," என்றான் சவேரியார்.

தவறிப்போச்சு என்று சொல்லச் சொல்லி வக்கீல் முந்தின நாள் முழுக்கப் பாடம் நடத்தியிருந்தார். இவன் அந்த ஒரு சொல்லோடு வாயை மூடிக்கொண்டான். மதுரை ஜெயிலில் ஏழு வருசம். திரும்பி வந்தபோது ஊர் பாதி பயந்தது, பாதி பெருமைப்பட்டது. கபடி ஆடுகிற பையன்கள்கூட, "உடும்பன் மாதிரி புடிலே" என்று கத்தினார்கள்.

அந்தச் சொல் பொய். விடல என்பது வேறு, விட முடியல என்பது வேறு. ஏழு வயதிலிருந்தே சவேரியாருக்குத் தெரியும். குளிர் பட்டால் அவன் கை அவன் பேச்சைக் கேட்காது. மூடினால் மூடினதுதான். விரலைத் திறக்கச் சொல்லி மனசு கத்தும், விரல் செத்த நண்டு மாதிரி கவ்விக்கொண்டு கிடக்கும். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டுக் கண்ணை இறுக்கினால் இமையும் ஒட்டிக்கொள்ளும். வேலை செய்யச் செய்ய மற்றவனுக்கு உடம்பு சூடேறிக் கை லேசாகும். இவனுக்கு இன்னும் இறுகும். அவனுடைய அய்யா அதைச் சோம்பேறித்தனம் என்று தாம்புக்கயிற்றால் அடித்தார். அடித்து மாறவில்லை. மறைக்கத்தான் கற்றுக்கொண்டான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு மார்கழி தையில் பொழுது ஏறாமல் கடலில் இறங்கமாட்டான். கேட்டால், "எவன்டா எனக்கு நேரம் சொல்றது" என்பான். கையை எப்போதும் கக்கத்தில் வைத்திருப்பான். அதைத் திமிர் என்றார்கள். எவனையாவது பிடித்துவிட்டால், பிடித்த கை தானாகத் திறக்கும்வரை கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே நிற்பான். அதை வீரம் என்றார்கள்.

தெரிந்தவள் பெண்சாதி ரீத்தாள் ஒருத்திதான். வாடைக்காலத்தில் விடிந்ததும் கொதிக்கிற வடிகஞ்சியைச் சட்டியில் ஊற்றி அவன் முன்னால் வைப்பாள். அவன் இரண்டு கையையும் அதில் முக்கி எடுப்பான். முப்பது வருசத்தில் ஒரு நாளும் அவள் ஏன் என்று கேட்டதில்லை.

அவர்களுடைய ஒரே மகன் சகாயவினோத். இருபத்துநாலு வயது. பையனுக்கும் அந்தக் கை வந்திருந்தது. ஜெயிலிலிருந்து வந்த வருசம், ஒன்பது வயதுப் பையன் குளிர்ந்த குடத்தைத் தூக்கிவிட்டுக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றதைச் சவேரியார் பார்த்தான். பார்த்த உடனே தாம்புக்கயிற்றை எடுத்தான். தனக்கு மாறாதது இவனுக்காவது மாறட்டும் என்று அடித்தானா, தன்னையே பார்க்கப் பிடிக்காமல் அடித்தானா, அவனுக்கே தெரியாது. எட்டு வருசம் அடித்தான்.

போன மார்கழியில்தான் அது நடந்தது.

விசைப்படகு கரைக்கு வந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. படகின் வயிற்றுக்குள் ஐஸ் கிடங்கு. அதற்குள் இடுப்புவரை நின்று ஐஸைக் கிண்டிக் கிண்டி மீனை எடுத்துக் கூடையில் நிரப்பி மேலே கொடுக்க வேண்டும். வழக்கமாக அதைச் செய்கிறவன் வரவில்லை என்று படகை ஓட்டுகிற தண்டல் சகாயத்தை இறக்கிவிட்டான். மேலே நின்று கூடை வாங்கினவன் ஜெபஸ்டின். செத்த அருளப்பனின் மகன். பகையாளி வீட்டுப் பிள்ளைகள் ஒரே படகில் எப்படி என்று கேட்பவன் கடல் தொழில் தெரியாதவன். ஆள் கிடைக்கிற லட்சணத்தில் பகை எல்லாம் பார்த்தால் படகு கரையிலேயே மக்கும்.

"ஏலே சகாயம், கூடைய மேல தள்ளுலே. உள்ள என்ன கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கியா?"

"இந்தா… புடி."

"புடிச்சுட்டேன். நீ விடுலே."

சகாயத்தின் விரல்கள் கூடைக் காதைக் கவ்வியிருந்தன. ஜெபஸ்டின் இழுத்தான். இவனும் கூடவே வந்தான்.

"விளையாடாதலே. விடு."

"விடுறேன், இரு… செத்த இரு."

"மீன் என்ன ஒங்க அய்யா வீட்டுச் சீதனமா? விடுலே!"

ஜெபஸ்டின் வெடுக்கென்று இழுத்ததில் கூடைக் காது அறுந்து மீன் முழுக்கத் தண்ணீரில் கொட்டியது. மேலே நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். சகாயம் தட்டுத்தடுமாறி மேலே ஏறி வந்தான். முகத்தில் ஐஸ் தண்ணீர் வடிந்தது. இமைகள் பாதி ஒட்டிக் கிடந்தன. "கொலகாரன் மவனே, கண்ணத் தொறந்து பாரு என்ன செஞ்சு வச்சுருக்கேன்னு" என்று ஜெபஸ்டின் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். இன்னொரு அறை. மூன்றாவது அறைக்குச் சகாயத்தின் வலது கை எழும்பி ஜெபஸ்டினின் கழுத்தைப் பிடித்தது. இரண்டு பேரும் படகு விளிம்பிலிருந்து முழங்கால் தண்ணீரில் விழுந்தார்கள்.

சவேரியார் அப்போது டீக்கடையில் நின்றான். "உடும்பன் மவன் புடிச்சுட்டான்டோய்" என்று கூப்பாடு கேட்டதும் டீ கிளாசோடு கரைக்கு ஓடினான். இழுத்து வந்து மணலில் போட்டிருந்தார்கள். ஜெபஸ்டின் மல்லாந்து கிடந்தான். அவன் குதிகால் இரண்டும் மணலை உழுதுகொண்டிருந்தன. முகம் நாவல்பழம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. சகாயம் அவன்மேல் கவிழ்ந்து கிடந்தான். நாலு பேர் அவனை மிதித்தார்கள்.

"அய்யா," என்றான் சகாயம். இமை திறக்காமலே, குரல் வந்த திசையை வைத்து அப்பனைத் தேடினான். "அய்யா, வர மாட்டேங்குதுய்யா. கை வர மாட்டேங்குது."

அந்தக் கரையில் நின்ற நூறு பேரில் அந்தச் சொல் புரிந்தவன் ஒருத்தன்தான். கொதிக்கிற டீ அவன் கையில் இருந்தது. கடையில் பாய்லர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு குவளை வெந்நீரை அந்தக் கையில் ஊற்றினால் போதும்.

"உடும்பு, ஒம் மவன்ட்டச் சொல்லுமய்யா! ஆள் செத்துருவான்!"

நூறு முகமும் அவன் வாயைப் பார்த்தன.

"புடிச்சவனுக்கு விடத் தெரியும்," என்றான் சவேரியார்.

சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சொல்லிவிட்டான்.

ஜெபஸ்டினின் தாய்மாமன் தங்கசாமி படகிலிருந்து துடுப்பை உருவிக்கொண்டு வந்தான். முதல் அடி சகாயத்தின் முழங்கையில். இரண்டாவது மணிக்கட்டில். பச்சை மட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது. விரல்கள் அப்படியே கழுத்தில் இருந்தன.

"எலும்பு ஒடிஞ்சும் விடலயேடா பாவி," என்று எவனோ சொன்னான். சொன்னவன் குரலில் பயத்தோடு மரியாதையும் இருந்தது. சவேரியார் காதில் அதுதான் விழுந்தது.

தங்கசாமி மீன் அறுக்கிற கத்தியின் பிடியை விரலுக்கு அடியில் கொடுத்து ஒவ்வொரு விரலாக நெம்பினான். சுண்டுவிரல் ஒடிந்தது. மோதிரவிரல் ஒடிந்தது. மூன்றாவது விரலை நெம்பும்போது இடைவெளி கிடைத்தது. ஜெபஸ்டின் கழுத்து விடுபட்டு, துருத்தி மாதிரி ஒரு மூச்சு இழுத்தான். கொஞ்சம் ரத்தமும் வந்தது.

இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில்தான் ராமநாதபுரம் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் சகாயத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கொலை முயற்சி என்று எழுதியிருந்தார்கள். வலது கை தோள்வரை மாவுக்கட்டு. ஜெபஸ்டின் மேல்மாடியில் கிடந்தான். உயிர் தங்கிவிட்டது, குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

நாலாம் நாள் துர்காதேவி என்று ஒரு டாக்டரம்மா வந்தாள். சாயல்குடிப் பக்கத்துப் பெண். வயது முப்பதுகூட இருக்காது. சகாயத்தின் இடது கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி அங்கேயே நின்றது. அவள் வாட்சைப் பார்த்தாள். விரல் மெல்ல மெல்ல, வெயிலில் நத்தை வெளியே வருகிற மாதிரி, நிமிர்ந்தது.

"எத்தன வயசுலருந்து இப்படி?"

"சின்னதுலருந்துங்க. குளிர்னா ரொம்ப," என்றான் சகாயம்.

டாக்டரம்மா சவேரியாரிடம் திரும்பினாள். "அய்யா, உப்பளம் பாத்துருக்கீங்கள்ல?"

"நல்லாருக்கே. கடக்கரைல பொறந்தவன்ட்டக் கேக்குற கேள்வி."

"பாத்திக்குத் தண்ணி விட்டா ஒடனே மடைய அடைக்கணும். அடைக்காம விட்டா என்னாகும்?"

"பாத்தி ரொம்பி எல்லாம் பாழாப் போவும்."

"அதேதான். நம்ம சதைக்குள்ளயும் உப்பு போய் வர குட்டிக் குட்டி மடை இருக்கு. கை மூடுறப்ப அந்த மடை தொறக்கும், ஒடனே அடைஞ்சுரணும். ஒங்க மகனுக்கு அது பொறவியிலயே சரியா அடையாது. குளிர்ல இன்னும் மோசம். அதான் கை மூடுனா திறக்க மாட்டேங்குது. அவரு வேணும்னு செய்யல."

சவேரியாருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. டாக்டர் என்றால் எதையாவது சொல்லத்தான் வேண்டும், சம்பளம் வாங்குகிறார்கள். "அம்பது வருசமா உப்புத்தண்ணியில ஊறுறேன். எனக்குள்ள மடை இருக்குன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்."

"ஒங்களுக்குள்ளன்னு நான் சொல்லலயே," என்றாள் டாக்டரம்மா. போலீஸ்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "இது தாய் தகப்பன் வழியா வர்றது. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருக்கணும். இவர மதுரைக்கு அனுப்பி, ஊசி வச்சுப் பாத்து எழுதி வாங்கணும். வீட்ல இன்னொருத்தருக்கும் இருக்குன்னு காட்டுனா கேசுக்கு ரொம்ப பலம். ஒங்க கைய ஒரு நிமிசம் குடுங்க."

சவேரியார் இரண்டு கையையும் கக்கத்தில் செருகினான். "எங்க வகையில எவனுக்கும் ஒரு கோளாறும் கெடையாது. இவ வீட்டு வழியா வந்துருக்கும். இவ அப்பன் ஒரு நொண்டி."

"அவரு காலு லாரியில அடிபட்டதுங்க," என்றாள் ரீத்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் கையை நீட்டினாள். டாக்டரம்மா தட்டினாள். விரல் துள்ளி உடனே நிமிர்ந்தது. டாக்டரம்மா சவேரியாரைப் பார்த்துவிட்டு, அந்த மடைக் கதையைத் தமிழிலேயே ஒரு கடுதாசியில் எழுதி ரீத்தாளிடம் கொடுத்தாள். சூடு உடம்பில் ஏறும்படி இரு, ஐஸில் கை வைக்காதே, இதற்கு மாத்திரை இருக்கிறது என்று சகாயத்திடம் சொன்னாள். சகாயம் தேம்பித் தேம்பி அழுதான். "இம்புட்டு நாளும் நான் கோழைன்னு நெனச்சேங்க," என்றான்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ரீத்தாள் நின்றாள்.

"உள்ள போயி கையக் காட்டிட்டு வாங்க."

"வாய மூடு."

"அந்தப் பிள்ள ஜெயிலுக்குப் போயிரும். இல்லன்னா தங்கசாமி வெட்டிப்புடுவான். கையக் காட்டுறதுல என்ன கொறஞ்சுபோச்சு?"

"என்னடி கொறஞ்சுபோச்சா? உடும்பன் உடும்பன்னு ஊரே பயந்தது ஒரு சீக்குக்குத்தானான்னு நாளைக்கு எவனும் கேப்பான். நொண்டிக்கையன்னு கூப்புடுவாய்ங்க."

"கூப்புட்டா கூப்புடட்டும். அன்னைக்குக் கரையில டீத்தண்ணிய ஊத்தாம நின்னீங்களே, அதுக்கு என்ன பேரு?"

சவேரியார் அவள் கொண்டையைப் பிடித்து வேப்பமரத்தில் மோதினான். ஒரு தரம். இரண்டாவது தரம் நெற்றித் தோல் கிழிந்தது. மூன்றாவதுக்கு இழுத்தபோது அவன் கை நின்றுவிட்டது. தூறலில் நனைந்த கை. கொண்டையோடு இறுகிப்போய்விட்டது.

வாசலில் போகிறவர்கள் பார்த்தார்கள். ரீத்தாள் கத்தவில்லை. முப்பது வருசப் பழக்கம். மெதுவாகத் திரும்பி, தன் தலைமுடியைப் பிடித்திருந்த கையை இரண்டு கையாலும் பொத்தி, வாயருகே இழுத்து, ஹா என்று சூட்டு மூச்சை ஊதினாள். நெற்றி ரத்தம் மூக்கு வழியாக அவன் விரலில் சொட்டியது. ஊதினாள், ஊதினாள். ஒவ்வொரு விரலாக விட்டது.

"இது என் வயித்துலருந்து அவனுக்குப் போகல," என்றாள். முடியை முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கசாமி ஆறு பேரோடு வந்தான். ரீத்தாள் அடுப்பில் சூடைமீன் குழம்பைக் கூட்டி வைத்திருந்தாள். ஒருத்தன் குழம்புச் சட்டியை எத்தினான். இன்னொருத்தன் முற்றத்தில் காய்ந்த நண்டு வலையை அரிவாளால் கண்டம் கண்டமாக வெட்டினான். சவேரியார் ஒருத்தன் தோளைக் கடித்துச் சதையைத் துப்பினான். மூன்று பேர் அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்று உள்ளே முறிந்தது அவனுக்கே கேட்டது.

தங்கசாமி குனிந்து அவன் காதில் சொன்னான். "அருளப்பன் மச்சானுக்கு அன்னைக்கே ஒன்ன வெட்டிருக்கணும். எங்கக்கா வேணாம்னுச்சு. இப்ப எம் மருமவன் ஊமையாக் கெடக்கான். நாளைக்குப் பூசை முடிஞ்சு ஊர் கூடுது. கேஸ் கீஸ் எல்லாம் போலீஸ் பாத்துக்கிடட்டும். ஒம் மவன் வெளிய வந்ததும் அவன் வலது கை எங்களுக்கு. ஊர் சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி."

"அவன் வேணும்னு செய்யல," என்று ரீத்தாள் கத்தினாள். டாக்டரம்மாவின் கடுதாசியை நீட்டினாள்.

"காகிதமா? எனக்கும் ஒரு டாக்டரத் தெரியும். எனக்கு ரெண்டு தலைன்னு எழுதித் தருவான்."

அவர்கள் போன பிறகு சவேரியார் சிந்திக்கிடந்த குழம்புக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் கிடந்தான். ரீத்தாள் தூக்கவில்லை. மீனைப் பொறுக்கிக் கழுவி மறுபடியும் சட்டியில் போட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமி அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாச்சு என்று பைக்கில் பறந்துவிட்டார். கோயில் முற்றத்து மணலில் ஊர் உட்கார்ந்தது. ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். ஊர்த்தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரீத்தாள் கொடுத்த கடுதாசியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இதுல என்ன சொல்லுதுன்னா… சதைக்குள்ள உப்பு மடை இருக்காம். அது அடையலையாம். அதனால கை தொறக்காதாம்."

"நாங்களும் உப்புத்தண்ணியிலதானய்யா கெடக்கோம், எங்க கையெல்லாம் தொறக்குதே!" என்று ஒருத்தன் கையை விரித்து விரித்து மூடிக் காட்டினான்.

"அவன் மடைய அடைக்க ஒரு கொத்தனாரக் கூப்புடு."

சிரிப்பு. தங்கசாமி சிரிக்கவில்லை. துடுப்பை மடியில் வைத்திருந்தான். "அப்பன் எங்க மச்சானக் கொன்னான். மவன் எங்க பிள்ளையக் கொல்லப் பாத்தான். இது மடையுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. அந்த வீட்டு ரத்தம். கோர்ட்ல கேட்டப்பவே இந்த ஆளு விடலன்னுதானே சொன்னான்? ஒரு தரம் விட்டோம். ரெண்டாந்தரம் விட முடியாது."

சரிதான், சரிதான் என்று மணல் முழுக்கத் தலைகள் ஆடின. ஊர்த்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சவேரியார் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அது எனக்கும் இருக்கு," என்றான்.

"என்னது இருக்கு?"

"அந்தச் சீக்கு. எங்கிட்டருந்துதான் அவனுக்குப் போச்சு. அருளப்பன நான் வேணும்னு விடாம இல்ல." விலாவிலிருந்து கையை எடுத்து நீட்டினான். "விட முடியல."

பின்னாலிருந்து ஒரு கிழவன், "மவன் கைக்கு ஆபத்துன்னதும் உடும்பு பல்லியாயிருச்சுடோய்" என்றான். மறுபடியும் சிரிப்பு. சவேரியார் அந்தச் சிரிப்பைத்தான் ஐம்பது வருசமாகப் பயந்துகொண்டிருந்தான். வந்துவிட்டது. வந்ததும் அது அவ்வளவு பெரிதாக இல்லை.

"ஐஸ் கொண்டாங்க," என்றான். "நம்பலன்னா கொண்டாங்க."

ஏலக்கூடத்திலிருந்து ஒரு பெட்டி நொறுக்கின ஐஸை இரண்டு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். வேடிக்கை என்றால் எல்லாருக்கும் கால் முளைக்கும். சவேரியார் மண்டியிட்டு இரண்டு கையையும் முழங்கைவரை ஐஸுக்குள் விட்டான். ஊர் வட்டமாக நெருங்கி நின்றது. விரல் மரத்து, எரிந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போகிறவரை வைத்திருந்தான்.

"எதப் புடிக்கிறீரு?" என்றார் தலைவர். "அந்தத் துடுப்பக் குடுப்பா தங்கசாமி."

"துடுப்புக்கு என்ன தெரியும்," என்று ஒரு குரல்.

பொம்பிளைகள் பக்கமிருந்து மிக்கேலம்மாள் எழுந்து வந்தாள். அருளப்பன் பெண்சாதி. ஜெபஸ்டினின் அம்மா. மீன் சுமந்து சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த உடம்பு. இருபத்திரண்டு வருசமாகச் சவேரியார் எதிரே வந்தால் தெரு மாறிப் போகிறவள். அதற்கு முன்னால் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவள். அவன் முன்னால் மணலில் உட்கார்ந்து, முந்தானையைத் தள்ளிவிட்டுக்கொண்டு, வலது கையை நீட்டினாள்.

"எங்கையப் புடி."

"வேணாம், தாயி."

"புடிங்கறேன்ல. எம் புருசன் கடேசியா தொட்டது ஒங்கையத்தான். அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அவன் பிடித்தான்.

"இப்ப விடு," என்றாள்.

சவேரியார் விட்டான். மனசு விட்டது, தோள் விட்டது, கை விடவில்லை. விரல் நுனி வெள்ளையாகி அவள் மணிக்கட்டில் புதைந்தது. வலித்த வேகத்தில் கண்ணை இறுக்கினான். ஐஸ் தெறித்த இமையும் ஒட்டிக்கொண்டது. நெற்றி நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்தான். பக்கத்தில் நின்ற ஒருத்தன் சும்மா பார்ப்போம் என்று அவன் சுண்டுவிரலை நிமிர்த்தப் பார்த்தான், முடியவில்லை. வட்டத்தில் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

மிக்கேலம்மாள் மட்டும் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள். அவன் மணிக்கட்டின்மேல் தன் இடது கையை வைத்தாள். தோலுக்கு அடியில், திறக்க வேண்டும் என்று நரம்பு இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. வலையில் மாட்டின மீன் மாதிரி. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது.

"பாவி," என்றாள் மெதுவாக. "நெசந்தான்."

பொம்பிளைகள் பக்கம் யாரோ விம்மினார்கள். ரீத்தாளாக இருக்கலாம்.

"அப்ப ஏன் கோர்ட்ல விடலன்னு சொன்ன?"

"முடியலன்னு சொன்னா… ஆம்பள இல்லம்பாய்ங்கன்னு…"

"அதுக்காக, எம் புருசன வேணும்னே கொன்னேன்னு சொன்ன. அவன் என்ன பாவம் செஞ்சான், என்ன துரோகம் செஞ்சான், ஒருத்தன் இப்படிக் கொல்லுற அளவுக்குன்னு நான் இருபத்திரண்டு வருசமா யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன். செத்தவனப் போய்ச் சந்தேகப்பட்டேனேடா. வேற பொம்பள கிம்பளயோன்னு."

இடது கையால் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் பிடி அவள் வலது கையில் இருந்தது, தள்ளிப்போக இடமில்லை. மறுபடியும் அறைந்தாள். மூக்கில், வாயில், ஒட்டின இமையில். அவள் நகம் அவன் புருவத்தைக் கிழித்தது. இரண்டு பேர் விலக்க வந்தார்கள். "எவனும் கிட்ட வராதிய" என்றாள். அடிக்கிற சத்தமும் அவள் மூச்சும் மட்டும் கேட்டன.

ரத்தத்தின் சூட்டிலோ, நேரம் ஆனதாலோ, விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. மிக்கேலம்மாள் கையை உருவிக்கொண்டாள். மணிக்கட்டில் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. அதைத் தேய்த்தாள்.

"இன்னொன்னு கேக்கணும்," என்றாள். "அன்னைக்குக் கரையில நின்னேல்ல?"

"நின்னேன்."

"எம் மவன் கழுத்துல இருந்த கை எதனால மூடியிருக்குன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்படித் தொறக்கும்னும் தெரியும்."

சவேரியார் ஒரு இமையைச் சிரமப்பட்டுத் திறந்தான். பொய் சொல்ல அவனுக்கு இன்னும் ஒரு மூச்சு நேரம் இருந்தது. கூட்டமும் அந்தப் பொய்க்குக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது.

"தெரியும்," என்றான்.

மிக்கேலம்மாள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தலைவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"பயல விடுங்க," என்றாள். "அவனுக்கு ஒண்ணுந் தெரியாது. போலீஸ் வந்து கேட்டா நானே சொல்றேன்."

முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"இவன விட்டுறாதிய."

பொம்பிளைகள் பிரிந்து அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். தங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடுப்பை எடுத்தான். தலைவர் கண்ணாடியை உறைக்குள் போட்டுவிட்டுக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

சவேரியார் எழுந்திருக்கவில்லை. முதல் அடி முதுகில் விழுந்தது. அடித்தவன் கால் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடிக்கவில்லை. இரண்டு கையையும் மணலில் விரித்து வைத்துக்கொண்டான்.